தங்க ரேக்கும் அம்மாவின் முட்டியும்: பர்மாவில் ஏழு நாள்

முதல் நாள், யாங்கோன் (2019 டிசம்பர்)

கொல்கத்தாவில் விமானம் மாறி யாங்கோன் வந்து இறங்கினோம். நானும் அம்மாவும் மட்டும். அம்மாவுக்கு வயது 64, இடது முட்டியில் தேய்மானம், சுத்த சைவம். "அந்த ஊர்ல மீன் வாசனை இல்லாம தண்ணிகூட கெடைக்காதாம்" என்று மாமா ஏற்கெனவே பயமுறுத்தி அனுப்பியிருந்தார்.

விமான நிலையத்திலேயே முதல் அடி. நூறு டாலர் நோட்டு ஒன்றை அம்மா நான்காக மடித்துச் சுருக்குப் பைக்குள் வைத்திருந்தாள். பணம் மாற்றும் கவுண்டரில் இருந்த பெண் அந்த மடிப்பை விரலால் தடவிப் பார்த்தார். விளக்கு வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே திருப்பித் தந்தார். இங்கே டாலர் என்றால் இஸ்திரி போட்டதுபோல் இருக்க வேண்டும். அந்த நோட்டு எங்களோடு ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு அப்படியே சென்னைக்குத் திரும்பப் போகிறது.

டாக்சியில் ஏறியதும் அம்மா கண்டுபிடித்துவிட்டாள். ஸ்டியரிங் நம்மூர் மாதிரி வலது பக்கம், வண்டி ஓடுவதும் சாலையின் வலது பக்கம். "முந்துறப்ப எதிர்ல வர்றது இவனுக்கு எப்படிடி தெரியும்?" தெரியாதுதான். 1970-இல் நாட்டையே இடமிருந்து வலத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்கள் மட்டும் மாறவில்லை. முன்னால் போகும் வண்டியை ஓட்டுநர் தாண்டும் ஒவ்வொரு முறையும் அம்மா கந்த சஷ்டி கவசத்தில் இரண்டு வரி சொன்னாள்.

சாயங்காலம் ஷ்வேடகோன், யாங்கோனின் பெரிய தங்கப் புத்தக் கோயில். வெளிநாட்டவரிடம் நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 10,000 சட் வாங்கினார்கள். நோட்டில் 'கியாட்' என்று எழுதியிருக்கும், வாயில் வருவது 'சட்'. 2019 டிசம்பரில் நம் ஒரு ரூபாய்க்கு இருபது சட் சொச்சம், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். செருப்பு மட்டுமில்லை, சாக்ஸும் கூடாது. அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "கோயில்னா கால் தரையில படணும்."

மேலே போய் நின்றதும் பேச்சு நின்றுவிட்டது. ஏறக்குறைய 99 மீட்டர் உயரத்துக்குத் தங்கம். கீழே ரேக்கு (தட்டி மெலிதாக்கிய தங்கத் தாள்), மேலே போகப்போக நிஜத் தங்கத் தகடு, உச்சியில் 76 காரட் வைரம். புத்தரின் எட்டுத் தலைமுடிகளைத் தபுஸ்ஸ, பல்லிக என்ற இரண்டு வணிகர்கள் கொண்டுவந்தார்கள், அவற்றின் மேல் எழுப்பியது இது என்பது நம்பிக்கை. அம்மா கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "எத்தனை சவரன் இருக்கும்?" எங்கள் வீட்டில் தங்கத்துக்கு வேறு அளவையே கிடையாது.

கோபுரத்தைச் சுற்றிக் கிழமைக்கு ஒரு மூலை. பிறந்த கிழமைக்குரிய மூலையில் இருக்கும் புத்தர் சிலைக்கு நீர் ஊற்ற வேண்டும். திங்களுக்குப் புலி, செவ்வாய்க்குச் சிங்கம், வியாழனுக்கு எலி, சனிக்கு நாகம். ஏழு கிழமைக்கு எட்டு மூலை, காரணம் புதன். நண்பகலுக்கு முன் பிறந்தவர்களுக்குக் கொம்புள்ள யானை, பின் பிறந்தவர்களுக்குக் கொம்பில்லாத யானை. அந்த இரண்டாவது மூலைக்குப் பெயர் ராகு! நம் பஞ்சாங்கத்திலும் புதனன்று ராகு காலம் பன்னிரண்டுக்குத்தானே தொடங்குகிறது. எந்தக் கப்பலில் எந்தச் சோதிடர் இதைக் கட்டிக்கொண்டு வந்தாரோ.

அம்மா பிறந்தது புதன்கிழமை. எந்த வேளை? ஜாதகம் 1977 வெள்ளத்தில் போய்விட்டது. ஷ்வேடகோன் மேடையில் நின்றுகொண்டு, விடுதியில் வாங்கிய சிம் கார்டில், மன்னார்குடிப் பெரியம்மாவை வாட்சப்பில் கூப்பிட்டோம். பெரியம்மா யோசித்தாள். "வெளக்கு வைக்கிற நேரம். நான்தான் அரிக்கேன் தொடச்சிட்டு இருந்தேன், உள்ளேர்ந்து அழுகை கேட்டுச்சு." அப்படியானால் ராகு மூலை. வடமேற்குக்கு நடந்தோம். வயதுக்கு எத்தனையோ அத்தனை குவளை, மேற்கொண்டு ஒன்று என்று பக்கத்தில் நின்ற பெண் விரல்விட்டுக் காட்டினார். அம்மா அறுபத்தைந்து குவளையும் ஊற்றினாள். முட்டி வலி என்று ஒரு வார்த்தை வரவில்லை. வரும், ராத்திரி வரும்.

இரண்டாம் நாள், யாங்கோன்

ராத்திரி வந்தது. தைலம் காலி.

காலையில் டீக்கடை. பரிமாறும் பையன்களை இங்கே பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, உதட்டைக் குவித்து முத்தம் மாதிரி ஒரு சத்தம். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் செய்து பார்த்தேன், மூன்று பையன்கள் ஒரே நேரத்தில் ஓடி வந்தார்கள். மொஹிங்கா எல்லோரும் சாப்பிடுவது, ஆனால் அது மீன் குழம்பு. எனவே அம்மாவுக்காக நான் உருப்போட்டு வந்திருந்த மந்திரம்: "தெத் தத் லுத்". உயிர்க்கொலை நீங்கியது என்று பொருள், சைவச் சாப்பாட்டுக்கு அதுதான் சொல். லபெத் தொக் வந்தது. புளிக்கவைத்த தேயிலை, வறுத்த பருப்பு, நிலக்கடலை, எள், தக்காளி எல்லாம் போட்டுப் பிசைந்தது. 'அ-தொக்' என்றால் பிசைந்தது, கலந்தது. சென்னை பர்மா பஜார் பக்கம் தள்ளுவண்டியில் தட்டு தட்டாகப் போகும் 'அத்தோ' இந்தச் சொல்தான். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்தது.

நகரத்துக்குள் ஸ்ரீ காளி கோயில். 1871-இல் தமிழர்கள் கட்டியது, கோபுரம் முழுக்க வண்ண பொம்மைகள். கைலி கட்டிய ஒரு பெரியவர் சுத்தமான தமிழில் "எந்த ஊரும்மா?" என்றார். மன்னார்குடி என்றதும், அவருடைய தாத்தா வந்தது பட்டுக்கோட்டைப் பக்கம், தான் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை என்றார். இங்கிருந்து 1942-இல் போருக்குத் தப்பி இந்தியாவுக்கு நடந்தே போனவர்கள், 1960-களில் கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் எல்லாம் போக, மிச்சம் இருந்தவர்களின் பேரன் பேத்திகள் இவர்கள். அவர் கன்னத்தில் 'தனக்கா' என்ற சாந்து பூசியிருந்தார், நம்மூரில் சந்தனம் அரைப்பது போல மரக்கட்டையைக் கல்லில் தேய்த்து எடுப்பது. அம்மா அவரோடு அரை மணி நேரம் பேசினாள். நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன்.

பகதூர் ஷா சஃபர் கல்லறையும் பார்த்தோம். கடைசி முகலாயரைப் பிரிட்டிஷார் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள், 1862-இல் இறந்தார், அடையாளம் தெரியாமல் புதைத்தார்கள். 1991-இல் வடிகால் தோண்டும்போதுதான் நிஜக் கல்லறை கிடைத்தது. பர்மாவின் கடைசி அரசர் தீபோவை 1885-இல் நாடுகடத்தி, பிறகு ரத்னகிரியில் வைத்ததும் அதே ஆட்கள்தான். மாற்றிப் போட்டிருக்கிறார்கள், கடைக்காரன் சரக்கைக் கிடங்கு மாற்றுகிற மாதிரி.

இரவு பகானுக்குப் பஸ். குளிர்சாதனத்தைப் பதினாறில் வைத்துவிட்டு ஆளுக்கு ஒரு போர்வை கொடுக்கிறார்கள். இதற்கு ஏசியை நிறுத்தினால் போதாதா என்று கேட்க பர்மிய மொழி தெரியவில்லை.

மூன்றாம் நாள், பகான்

விடியற்காலையில் இறங்கினோம். தொல்லியல் வளாகத்துக்கு 25,000 சட் கொடுத்துச் சீட்டு வாங்கினோம். 2019 ஜூலையில்தான் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. எங்கே திரும்பினாலும் செங்கல் கோபுரம். ஒரு நிலக்கடலைக் காட்டுக்குள் மட்டும் ஏழு எண்ணினேன். எல்லாம் சேர்த்து 2,000-க்கு மேல் இன்னும் நிற்கின்றன. 1975-இலும் 2016 ஆகஸ்டிலும் நிலநடுக்கம், அதன் பிறகு கோயில்கள் மேல் ஏறத் தடை. சூரியன் மறைவதைப் பார்க்க மண்ணைக் குவித்து மேடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

சுற்றுலாப் பயணிகளுக்கு மோட்டார் சைக்கிள் கிடையாது, மின்சார ஸ்கூட்டர்தான். எடுத்தேன். பின்னால் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மா. மணல் பாதையில் வண்டி வழுக்கும் ஒவ்வொரு தடவையும் என் தோளில் பத்து நகமும் பதிந்தது.

ஆனந்தா கோயில் 1105-இல் சான்சித்தா அரசர் கட்டியது. நான்கு திசைக்கு ஒருவராக நான்கு புத்தர்கள் நிற்கிறார்கள், ஒவ்வொருவரும் ஒன்பதரை மீட்டர். தெற்கே இருப்பவரைத் தூரத்திலிருந்து பார்த்தால் புன்சிரிப்பு. கிட்டே போகப்போக அது வடிந்து, காலடியில் நின்று நிமிர்ந்தால் முகம் வாடியிருக்கிறது. நான் மூன்று முறை முன்னும் பின்னும் நடந்து சோதித்தேன். அம்மா ஒரு தூண் ஓரமாக உட்கார்ந்து சொன்னாள்: "கிட்டக்கப் போனா எல்லாருக்கும் கவலை இருக்கும்டி."

தம்மயாஞ்சி வேறு மாதிரி. தகப்பனையும் அண்ணனையும் கொன்ற நரத்து அரசன் பாவம் தீரக் கட்டியதாம். செங்கல்லுக்கு நடுவே ஊசி நுழைந்தால் கொத்தனார் கையை வெட்டுவான் என்று கதை, கை வைக்கப் பள்ளம் போட்ட கல்லைக்கூடக் காட்டுகிறார்கள். கதை எப்படியோ, சுவர் உண்மையிலேயே அப்படித்தான் இருக்கிறது. என் விசிட்டிங் கார்டு போகவில்லை. உள் பிராகாரத்தைச் செங்கல் போட்டு மூடிவிட்டிருக்கிறார்கள். வௌவால் நாற்றம், இருட்டு. நீண்ட நேரம் நிற்க மனமில்லை.

வெளியே வந்து வண்டியைத் திருகினால் அசையவில்லை. பேட்டரி காலி. காலையில் முழுக்க ஏற்றிவிட்டோம் என்று கடைக்காரப் பையன் சொன்ன சார்ஜ், பாதிகூட இல்லை போலிருக்கிறது. போன் செய்தால் "ஃபைவ் மினிட்" என்றான். ஒரு மணி பத்து நிமிடம். எள் காயப்போட்டிருந்த ஒரு வீட்டுக்காரம்மா எங்களைப் பார்த்துப் பாயை விரித்து, வெல்லக் கட்டியும் கசப்புத் தேநீரும் கொடுத்தார். பனை வெல்லம்! அம்மா வாயில் போட்டதும் "நம்ம கருப்பட்டி" என்றாள். அந்த அம்மாள் பனைமரத்தைக் கைகாட்டினார். அம்மாவும் கைகாட்டினாள், இந்தியா இருக்கும் திசை என்று அவள் நினைத்த திசையில். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஏதேதோ பேசிக்கொண்டார்கள், அவரவர் மொழியில். பையன் வந்தபோது எனக்குக் கோபம் மிச்சம் இல்லை.

நான்காம் நாள், பகான்

இன்று அதிகம் சுற்றவில்லை. முட்டிக்கு ஓய்வு.

நத்லாவுங் சாவுங் மட்டும் போனோம். பகானில் இன்று நிற்கும் ஒரே இந்துக் கோயில், பெருமாளுக்கு. வெளிச் சுவரில் தசாவதாரம், புத்தரையும் ஒரு அவதாரமாகச் சேர்த்து. நத் என்றால் இங்கே வழிபடும் ஊர்த் தேவதைகள், அவர்களை அடைத்து வைத்த இடம் என்று கோயில் பெயருக்குப் பொருள். சின்னதாக, கட்டையாக, காவலாளிகூட இல்லாமல் கிடக்கிறது.

பகானில் கிடைத்த 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்றைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். தொடக்கத்தில் முகுந்தமாலை என்ற பெருமாள் துதியிலிருந்து ஒரு வடமொழிச் சுலோகம், பிறகு தமிழ். மலைமண்டலத்து மகோதயர்பட்டணத்தை, அதாவது கேரளத்துக் கொடுங்கல்லூரைச் சேர்ந்த குலசேகர நம்பி என்பவர், இங்கிருந்த நானாதேசி விண்ணகர் ஆழ்வார் கோயிலுக்கு மண்டபம் கட்டி, கதவு போட்டு, விளக்கு ஒன்றும் வைத்தார் என்று அது சொல்கிறது. நானாதேசி என்றால் பல தேசம் போகும் வணிகர் கூட்டம். எழுநூறு வருஷத்துக்கு முன் கொடுங்கல்லூரிலிருந்து இவ்வளவு தூரம் வந்த ஒருவர் ஒரு கதவைச் செய்து கொடுத்திருக்கிறார். "வெளக்கு எரியுதா?" என்றாள் அம்மா. கோயிலுக்குள் டியூப்லைட் இருந்தது. எரியவில்லை.

ஐந்தாம் நாள், மாண்டலே

மினி பஸ்ஸில் ஐந்து மணி நேரம். அரண்மனையை 1945-இல் குண்டு தின்றுவிட்டது, இப்போது இருப்பது புதிதாகக் கட்டியது. வெளியே அகழியை மட்டும் பார்த்துவிட்டு நேராகத் தங்க ரேக்குத் தட்டும் பட்டறைக்குப் போனோம்.

தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. உள்ளே மூன்று ஆண்கள், மேல்சட்டை இல்லாமல், கைலியை வரிந்து கட்டிக்கொண்டு, சம்மட்டியை முதுகுக்குப் பின்னாலிருந்து கொண்டுவந்து போடுகிறார்கள். அடி விழுவது சாய்த்து வைத்த ஒரு தோல் மூட்டையின் மேல். மூட்டைக்குள் மூங்கில் காகிதம், காகிதத்துக்கு ஒரு துண்டுத் தங்கம். முதலில் அரை மணி நேரம் தட்டி, எடுத்து நறுக்கி, மறுபடி அரை மணி. அதையும் நறுக்கி வைத்து அடுத்த சுற்று ஐந்து மணி நேரம். கடிகாரம் கிடையாது. தண்ணீர்த் தொட்டியில் ஒரு தேங்காய்ச் சிரட்டை மிதக்கிறது, அடியில் பொடி ஓட்டை. நீர் ஏறி அது மூழ்கினால் ஒரு கணக்கு, எடுத்து மறுபடி மிதக்கவிடுகிறார்கள். நம்மூரில் நாழிகை வட்டில் என்று படித்ததை இன்று கண்ணால் பார்த்தேன்.

பக்கத்து அறை முழுக்கக் கண்ணாடி, கதவு மூடியிருந்தது. அதற்குள் பத்துப் பெண்கள் தரையில் உட்கார்ந்து, தட்டி முடித்த ரேக்கைக் கொம்புத் துண்டால் எடுத்து, சதுரமாக்கி, காகிதத்தில் அடுக்குகிறார்கள். மின்விசிறி கிடையாது, போட்டால் தங்கம் பறந்துவிடும். ஒரு பெண் தும்மல் வந்து முகத்தைத் தோளுக்குள் புதைத்துக்கொண்டதைப் பார்த்தேன். கழுத்தில் வியர்வை. விரல் நுனிகளில் மட்டும் மஞ்சள் மினுக்கம், வீட்டுக்குப் போய் சோறு பிசையும்போதும் இருக்கும்.

அம்மா பத்து ரேக்கு உள்ள ஒரு கட்டு வாங்கினாள். ஊரில் நகைக்கடையில் அரை மணி பேரம் பேசுகிறவள், இங்கே விலை கேட்டதும் கொடுத்துவிட்டாள்.

மாலை அமரபுரத்தில் ஊ பெய்ன் பாலம். தேக்கு மரத்திலேயே 1.2 கிலோமீட்டர். படத்தில் பார்ப்பது போலத்தான் இருந்தது, கூட்டத்தை மட்டும் படத்தில் காட்டுவதில்லை.

ஆறாம் நாள், மாண்டலே

மூன்றரை மணிக்கு எழுந்து மஹாமுனி போனோம். நாலு மணிக்குப் புத்தருக்கு முகம் கழுவிவிடுகிறார்கள், தினமும். மூத்த பிக்கு ஒருவர் மணக்கும் நீரால் முகம் துடைக்கிறார், பல்லும் விளக்கிவிடுகிறார், பக்தர்கள் கொடுத்த துண்டுகளால் ஒற்றி எடுக்கிறார். அபிஷேகம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு எதுவும் அந்நியமாகத் தெரியவில்லை. அம்மா பாதித் தூக்கத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

1784-இல் மேற்குக் கடலோர நாடான அரக்கானிலிருந்து போதோபயா அரசர் தூக்கி வந்த சிலை. உட்கார்ந்த நிலையிலேயே நாலு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. தினமும் கழுவுவதால் முகம் மட்டும் வழவழப்பு. உடம்பு முழுக்க ரேக்கு மேல் ரேக்கு, பதினைந்து சென்டிமீட்டர் தடிமனுக்கு ஏறிப்போய், பலாப்பழத் தோல் மாதிரி முண்டும் முடிச்சுமாக இருக்கிறது. சுவரில் பழைய புகைப்படங்கள் மாட்டியிருக்கிறார்கள். 1901-இல் இடுப்பு தெரிகிறது, மடிப்பு தெரிகிறது. அடுத்தடுத்த படங்களில் அது கரைந்துகொண்டே போகிறது.

இந்தத் தங்கத்தை ஒட்ட ஆண்கள் மட்டும்தான் மேலே போகலாம். பெண்களுக்கு ஒரு கோடு, அதற்கு இப்பால் மண்டியிட்டு, தொலைக்காட்சித் திரையில் பார்த்துக்கொள்ளலாம். நேற்று அந்தக் கண்ணாடி அறையில் பார்த்த பெண்கள் வந்தாலும் இதே கோடுதான். எனக்கு எரிச்சல் வந்தது, அம்மாவிடம் சொன்னேன். "நம்மூர்ல மட்டும் என்ன வாழுதாம்?" என்றுவிட்டு, போகிற ஒரு பையனின் கையைப் பிடித்து நிறுத்தினாள். கல்லூரி வயது இருக்கும். ஐந்து ரேக்கைக் கொடுத்து, திரையைக் காட்டி, தன் முட்டியைத் தொட்டுக் காட்டினாள். அவனுக்குப் புரிந்துவிட்டது. மேலே ஏறி, புத்தரின் இடது முட்டியில் ஒவ்வொன்றாக வைத்துக் கட்டை விரலால் அழுத்திவிட்டு, திரும்பிக் கேமராவைப் பார்த்துச் சிரித்தான். "அதோ, அதான் என்னோடது" என்று பக்கத்தில் மண்டியிட்டிருந்த பெண்ணுக்கு அம்மா தமிழில் சொன்னாள்.

அதே வளாகத்தில் ஒரு கொட்டகைக்குள் கம்போடியாவின் ஆறு வெண்கலச் சிலைகள். அங்கோரிலிருந்து தாய்லாந்தின் அயுத்தயா அரசன் கொள்ளையடித்தான், அவனிடமிருந்து பர்மிய அரசன், அவனிடமிருந்து அரக்கான்காரன், கடைசியில் மஹாமுனியோடு மாண்டலே. சிங்கம் மூன்று, மூன்று தலை ஐராவதம் ஒன்று, நின்ற ஆண் உருவம் இரண்டு. உடம்பில் எங்கே வலிக்கிறதோ சிலையில் அந்த இடத்தைத் தேய்த்தால் குணமாகும் என்பதால் வயிறும் முழங்காலும் கண்ணாடியாக மின்னுகின்றன. இங்கே பெண்ணும் தொடலாம். அம்மா முட்டியைத் தேய்த்த தேய்ப்பில், வரிசையில் நின்றவர்கள் பொறுமையாகச் சிரித்தார்கள்.

குதோதா கோயிலில் பௌத்த மறையான திரிபிடகம் முழுவதையும் 729 பளிங்குப் பலகையில் செதுக்கி, பலகைக்கு ஒரு வெள்ளைச் சிறு கோயில் கட்டியிருக்கிறார் மின்டோன் அரசர். எழுத்துகளுக்கு முதலில் தங்க மை. பிரிட்டிஷார் வந்த பிறகு அது போய்விட்டது, இப்போது இருப்பது கறுப்பு.

ஏழாம் நாள், இன்லே ஏரி

இரவுப் பஸ், மறுபடி குளிர். நியாவுங்ஷ்வேயில் நீளப் படகு பிடித்தோம். காலால் துடுப்பைச் சுற்றி வளைத்துத் தள்ளும் மீனவர்களைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். படகுத்துறை அருகே கூடையைத் தூக்கிக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பவர் படத்துக்குக் காசு கேட்பவர். நிஜமாகப் பிடிப்பவர்கள் உள்ளே தள்ளி, நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வேலை செய்கிறார்கள். மிதக்கும் பாத்திகளில் தக்காளி. அம்மா படகிலிருந்து கையை நீட்டப் பார்த்தாள், படகோட்டி இருமினார்.

ஏரிக்கு நடுவே பாவுங் தோ ஊ கோயில். ஐந்து புத்தர்கள். புத்தர்கள் என்று சொல்லித்தான் தெரிகிறது. ரேக்கு ஒட்டி ஒட்டி முகம், கை, கால் எல்லாம் மறைந்து, ஐந்து தங்க உருண்டைகளாக உட்கார்ந்திருக்கிறார்கள். மஹாமுனிக்கு முகமாவது மிச்சம். இவர்களுக்கு அதுவும் இல்லை. நான் வாயடைத்து நின்றேன். அம்மாவுக்கு எந்த ஆச்சரியமும் இல்லை.

"மஞ்சள்ல பிள்ளையார் புடிச்சு வைக்கிறோமே, அதுக்கு மூக்கும் முழியுமா இருக்கு?"

இங்கும் பெண்கள் மேடை ஏறக் கூடாது. ஐந்து ரேக்கு மிச்சம் இருந்தது. யாரிடமாவது கொடுக்கலாமே என்றேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டாள். ஏன் என்று கேட்கவில்லை.

திரும்பும்போது படகில் கட்டைப் பிரித்தாள், எத்தனை இருக்கிறது என்று பார்க்கத்தான். காற்று. ஒரு ரேக்கு எழும்பிப் பறந்தது, இன்னொன்று அவள் விரல்களில் அப்பிக்கொண்டது. துடைத்தால் போகவில்லை, மற்ற விரல்களுக்கும் பரவியது. கொஞ்ச நேரம் கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புடவையை முழங்காலுக்கு ஏற்றி, இடது முட்டியில் நன்றாகத் தேய்த்துக்கொண்டாள். படகோட்டி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

இப்போது விடுதியில் தூங்குகிறாள். தைலம் கேட்கவில்லை. நாளை இரவு யாங்கோன் பஸ், இந்தத் தடவை இரண்டு போர்வை கேட்டு வாங்க வேண்டும்.